வொஷிங்டன் பெட்டிக்குள் வைக்கப்பட்ட மொன்றியல்: ஒரு பேஸ்போல் அருங்காட்சியகத்துக்குத் திறந்த மடல்

அறங்காவலர் சபைக்கும் காட்சிக்கூடப் பொறுப்பாளர்களுக்கும்,

உங்கள் இரண்டாம் மாடிச் சுவரில் பெர்ஃபெக்ட் கேம்களின், அதாவது பந்தெறிபவர் எதிரணியில் ஒருவரைக்கூட பேஸில் ஏற விடாமல் முடித்த ஆட்டங்களின், பட்டியல் ஒன்று தொங்குகிறது. அதில் 1991 ஜூலை 28ஆம் திகதிக்கு நேரே ‘டெனிஸ் மார்ட்டினெஸ், வொஷிங்டன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு வொஷிங்டனில் மேஜர் லீக் அணி, அதாவது பேஸ்போலின் உச்ச லீக்கில் ஆடும் அணி என்று ஒன்று இருக்கவேயில்லை. அங்கே ஆடிய செனட்டர்ஸ் 1971 பருவம் முடிந்ததும் டெக்சஸுக்குப் போய்விட்டது. அடுத்த அணி 2005இல்தான் வந்து சேர்ந்தது: எங்கள் மொன்றியல் எக்ஸ்போஸ்தான் இடம் மாறி வொஷிங்டன் நேஷனல்ஸ் ஆனது. இடையில் 33 ஆண்டுகள் அந்த நகரம் வெறுமையாகக் கிடந்தது. மார்ட்டினெஸ் அன்று லொஸ் ஏஞ்சலஸில் டோட்ஜர்ஸின் 27 பேரையும் ஒருவர்கூட முதல் பேஸைத் தொடாமல் திருப்பி அனுப்பியபோது அவருடைய சட்டையில் இருந்தது மொன்றியல் எக்ஸ்போஸ்.

இதை உங்களிடம் நான் ஏற்கெனவே சொல்லிவிட்டேன். முதலில் கூடத்தில் நின்ற உங்கள் ஊழியரிடம் சொன்னேன். நல்ல பிள்ளை, பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து மின்னஞ்சலும் எழுதினேன். புதிய ஒழுங்கில் எல்லாம் இன்றைக்கு ஆடும் 30 அணிகளின்படி பிரிக்கப்பட்டிருக்கிறது, இடம் மாறிய அணிகளின் பழைய காலம் இன்றைய அணியின் பெயரிலேயே வரும், எக்ஸ்போஸுக்கு நேஷனல்ஸ் பகுதியில் போதிய இடம் கொடுத்தாயிற்று, இது சபையின் முடிவு என்று பதில் வந்தது. சபையின் முடிவென்றால் சபையிடம்தானே கேட்க வேண்டும். அதனால் எல்லோரும் பார்க்கும்படி இதை எழுதுகிறேன்.

உங்கள் அருங்காட்சியகத்தின் பெயரை இங்கே போடவில்லை. உங்களைச் சந்தி சிரிக்க வைப்பது என் நோக்கமில்லை, பலகை திருத்தப்பட்டால் போதும். ஆங்கிலப் பிரதி தபாலில் வருகிறது. தமிழில் எழுதுவதற்குக் காரணம், எக்ஸ்போஸ் ஆடிய ஒலிம்பிக் ஸ்ரேடியத்தின் மலிவான வாங்குகளில் என்னோடு உட்கார்ந்திருந்தவர்கள் பலர் தமிழர்கள். அவர்களில் பாதிப்பேர் பிறகு வேலை தேடி ரொறன்ரோவுக்குப் போய் புளூ ஜேஸ் ரசிகர்களாகிவிட்டார்கள். 1992லும் 1993லும் அந்த அணி மேஜர் லீக்கின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரீஸ் வென்றதைச் சொல்லி இன்றைக்கும் என்னைப் பகிடி பண்ணுகிறார்கள். அது வேறு கதை. ஆனால் இந்தப் பலகையைப் பற்றி அவர்களும் அறிய வேண்டும்.

நாங்கள் உங்களிடம் வந்தது எக்ஸ்போஸுக்காக மட்டும். என் பேரனுக்குப் பத்து வயது. லாவாலில் பிள்ளைகளுக்கான லீக்கில் விளையாடுகிறான். அவனுக்குத் தெய்வம் புளூ ஜேஸின் விளாடிமிர் கெரேரோ ஜூனியர். அந்த ஜூனியர் 1999இல் பிறந்ததே மொன்றியலில்தான், தகப்பன் எங்களுக்கு ஆடிக்கொண்டிருந்த காலத்தில் என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். 2018 மார்ச்சில் புளூ ஜேஸ் ஒரு காட்சி ஆட்டத்துக்காக ஒலிம்பிக் ஸ்ரேடியத்துக்கு வந்தபோது, ஒன்பதாவது இனிங்ஸில், ஓட்டமே இல்லாமல் இருந்த ஆட்டத்தை அந்தப் பொடியன் தகப்பனின் 27ஆம் இலக்கத்தை முதுகில் போட்டுக்கொண்டு ஒரே ஹோம் ரன்னில் முடித்ததையும் சொன்னேன். பிறகு விடுவானா? உங்கள் ரீமின் சாமான் எல்லாம் எங்கே இருக்கிறது அம்மப்பா, கொண்டுபோய்க் காட்டுங்கள் என்று ஒரே தொல்லை. கேரி கார்ட்டரின் கையுறை இருக்கும், டிம் ரெயின்ஸ் பேஸ் திருடி ஓடிய சப்பாத்து இருக்கும், ஒன்றும் இல்லாவிட்டாலும் எங்கள் அணியின் முதல் மைதானமான ஜாரி பார்க்கின் ஒரு கதிரையாவது இருக்கும் என்ற நம்பிக்கையில் காரை எடுத்தேன்.

வொஷிங்டன் பகுதிக்கு முழுச் சுவர் ஒன்று ஒதுக்கியிருக்கிறீர்கள். கண்மட்டத்தில் 2019 வேர்ல்ட் சீரீஸ் வெற்றியின் பொருட்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, வென்றார்கள், வைத்திருக்கிறீர்கள். நானும் அந்தத் தொடரைத் தொலைக்காட்சியில் வயிறெரிந்து பார்த்தவன்தான். அதற்குக் கீழே, முழங்கால் உயரத்தில், ஒரு தட்டு. அந்தத் தட்டில் நீலம், வெள்ளை, சிவப்பு நிறத்தில் ஒரு தொப்பி. தகப்பன் கெரேரோவின் மட்டை ஒன்று. எக்ஸ்போஸின் சின்னப் பொம்மையான யூப்பியின் படம் போட்ட ஓர் அட்டை. முடிந்தது. அந்த மூன்றுக்கும் சேர்த்து ஒரு விளக்கச் சீட்டு, அதன் தலைப்பு ‘நேஷனல்ஸின் ஆரம்ப ஆண்டுகள்’. பேரன் நிலத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்து வாசித்துவிட்டு, இதில் மொன்றியல் என்ற சொல்லே இல்லையே என்றான். நானும் குனிந்து பார்த்தேன். இல்லைத்தான்.

ஆரம்ப ஆண்டுகள் என்று நீங்கள் சொல்வது 36 பருவங்கள். அமெரிக்காவுக்கு வெளியே மேஜர் லீக் கால் வைத்த முதல் அணி அது. 1969 ஏப்ரல் 8ஆம் திகதி நியூயோர்க்கில் மெற்ஸை 11-10 என்று வென்று தொடங்கியது. ஒன்பதாவது ஆட்டத்திலேயே பில் ஸ்டோன்மன் பிலடெல்பியாவுக்கு எதிராக நோ-ஹிட்டர் எறிந்தார், அதாவது எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் ஆட்டத்தை முடித்தார். பிறந்து பத்து நாள்கூட ஆகாத அணி. அவரே 1972இல் ஜாரி பார்க்கில் இன்னொன்று எறிந்தார், அமெரிக்காவுக்கு வெளியே எறியப்பட்ட முதல் நோ-ஹிட்டர் அது. அந்த ஜாரி பார்க்கின் வலதுபக்க வேலிக்கு அப்பால் மாநகர நீச்சல் குளம் ஒன்று இருந்தது. பிட்ஸ்பேர்க்கின் வில்லி ஸ்டார்ஜல் அடித்த பந்து அதற்குள் போய் விழுந்த கதையை எங்கள் ஊரில் கிழவர்கள் இன்னும் சொல்வார்கள். 1982 ஜூலையில் இரண்டு லீக்கின் நட்சத்திர ஆட்டக்காரர்களும் மோதும் ஓல்-ஸ்டார் ஆட்டம் ஒலிம்பிக் ஸ்ரேடியத்தில் நடந்தது, அதுவும் அமெரிக்காவுக்கு வெளியே முதல் தடவை. எக்ஸ்போஸ் இருந்த நேஷனல் லீக் 4-1 என்று வென்றது, வெற்றி எங்கள் ஸ்டீவ் ரோஜர்ஸின் கணக்கில் எழுதப்பட்டது. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் 23 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அந்த மைதானத்துக்குப் போனார்கள். மொன்றியல்காரருக்கு பேஸ்போலில் விருப்பமில்லை என்று ஒரு கதை உலாவுகிறதே, அதைச் சொல்பவர்களுக்கு இந்த எண்ணைக் காட்டுங்கள்.

இதில் எதுவும் உங்கள் சுவரில் இல்லை. இடம் போதாது என்கிறீர்கள். அப்படியானால் பக்கத்து அறையைப் பற்றிக் கேட்கிறேன்.

பக்கத்து அறை முழுவதும் புரூக்ளின் டோட்ஜர்ஸ். அவர்களின் பழைய மைதானமான எபெட்ஸ் ஃபீல்டின் செங்கல், பழைய வாசற்கதவின் படம், கறுப்பு வெள்ளைத் திரைப்படம் ஓடும் ஒரு மூலை, உட்கார்ந்து பார்க்க வாங்கு. அழகான அறை. நானும் அதில் நெடுநேரம் நின்றேன். ஆனால் டோட்ஜர்ஸ் 1957 பருவத்தோடு புரூக்ளினை விட்டு லொஸ் ஏஞ்சலஸுக்குப் போன அணியல்லவா? இன்றைய 30 அணிகளின்படிதான் பிரித்தோம் என்ற விதி அந்த அறைக் கதவோடு நின்றுவிட்டதே, ஏன்? லொஸ் ஏஞ்சலஸ் பெட்டியின் கீழ்த்தட்டில் புரூக்ளினை வைத்தால் நியூயோர்க்கிலிருந்து வருபவர்கள் சும்மா போகமாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். சரி, நாங்களும் சும்மா போகவில்லை.

அந்த அறையில் ஜாக்கி ரொபின்சனின் பெரிய படமும் இருக்கிறது. அதன் கீழே கதை 1947 ஏப்ரல் 15இல், கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு மூடியிருந்த மேஜர் லீக் கதவை அவர் திறந்த நாளில் தொடங்குகிறது. அதற்கு முந்திய ஆண்டு எங்கே? 1946 முழுவதும் ரொபின்சன் மொன்றியல் றோயல்ஸுக்கு ஆடினார். புரூக்ளின் தன் கீழ் அணியாக வைத்திருந்த அணி அது. அந்தப் பருவத்தில் இன்ரர்நேஷனல் லீக்கிலேயே மிக உயர்ந்த மட்டைச் சராசரி அவருடையதுதான், .349. அவரும் மனைவி ரேச்சலும் வாடகைக்கு இருந்த டி காஸ்பே தெரு வீடு ஜாரி பார்க்கிலிருந்து நடந்து போகும் தூரம். வாசலில் இப்போது ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அவரை மைதானத்துக்குள்ளேயே விடாத ஊர்கள் இருந்த காலத்தில், றோயல்ஸின் மைதானமான டிலோரிமியே ஸ்ரேடியத்தில் கூட்டம் அவரைத் தூக்கிக் கொண்டாடியது. புரூக்ளினின் பெருமையைச் சொல்லும் இடத்தில்கூட எங்கள் ஊரை ஒரு வரியில் சொல்ல உங்களுக்கு மனம் வரவில்லை.

அடுத்தது 1994. எனக்குக் கோபம் வந்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

அந்த ஆண்டு ஆட்டக்காரர்கள் செய்த வேலைநிறுத்தத்துக்கென்று ஒரு பலகை வைத்திருக்கிறீர்கள். ஆகஸ்ட் 12ஆம் திகதி ஆட்டங்கள் நின்றன, செப்டெம்பர் 14ஆம் திகதி வேர்ல்ட் சீரீஸ் இரத்தானது என்பதெல்லாம் சரியாக எழுதியிருக்கிறது. அதனால் இழந்தவை என்று இரண்டைச் சொல்கிறீர்கள். சான் டியேகோவின் டோனி குவின் .394 மட்டைச் சராசரியில் நின்றுவிட்டார், .400ஐத் தொட்டிருக்கலாம். சான் ஃபிரான்சிஸ்கோவின் மற் வில்லியம்ஸ் 43 ஹோம் ரன்களில் நின்றுவிட்டார், பழைய சாதனையை முறித்திருக்கலாம். இரண்டும் உண்மை. ஆனால் அந்த ஆகஸ்ட் 12இல் இரண்டு லீக்கிலும் சேர்த்து மிக அதிகமாக வென்ற அணி எது? 74 வெற்றி, 40 தோல்வி, அற்லான்டாவைவிட ஆறு ஆட்டம் முன்னால். மொன்றியல். அணிகளிலேயே மிகக் குறைந்த சம்பளப் பட்டியல்களில் ஒன்றை வைத்துக்கொண்டு பயிற்சியாளர் ஃபெலிப்பே அலூ கட்டி எழுப்பிய அணி. லாரி வோக்கர், மொய்செஸ் அலூ, மார்க்கிஸ் கிரிசம், கென் ஹில், ஜோன் வெற்லண்ட், அப்போதுதான் மீசை முளைத்த பெட்ரோ மார்ட்டினெஸ். ஒரு தனி ஆட்டக்காரர் எட்டாத இலக்குக்குப் பலகையில் இடம் இருக்கிறது. ஒரு நகரம் முழுவதும் இழந்த பருவத்துக்கு இல்லை.

உங்கள் அற்லான்டா பகுதியையும் பாருங்கள். 1991 முதல் 2005 வரை தொடர்ந்து 14 டிவிஷன் பட்டங்கள் என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. 1991இலிருந்து 2005 வரை எண்ணினால் 15 பருவம் வரும். விடுபட்ட ஒன்று எது என்று பேரன் கேட்டான். கணக்கில் கெட்டிக்காரன். அந்த ஒன்றில் முதலிடத்தில் நின்றது யார் என்பதைச் சொல்லும் ஒரு சொல் உங்கள் கட்டடத்தில் எங்கேயும் இல்லை.

நான் மொன்றியலுக்கு வந்தது எண்பதுகளின் பிற்பகுதியில், அகதியாக. பார்க் எக்ஸ்ரென்ஷனில் ஒரு அடுக்குமாடியில் நாங்கள் பலர் சேர்ந்து இருந்தோம்; தண்டவாளத்துக்கு அந்தப்பக்கம் ஜாரி பார்க். அதற்கு முன்பே அணி ஒலிம்பிக் ஸ்ரேடியத்துக்குப் போய்விட்டது. எனக்கு ஒரு உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை. சமையற்காரர் கியூபெக்காரர், வாய் திறந்தால் எக்ஸ்போஸ்தான். 1981 ஒக்ரோபரில் டோட்ஜர்ஸின் ரிக் மண்டே ஒன்பதாவது இனிங்ஸில் அடித்து, எக்ஸ்போஸை வேர்ல்ட் சீரீஸுக்குப் போகவிடாமல் செய்த ஹோம் ரன்னைப் பற்றி, நேற்று நடந்ததுபோல, அழாக்குறையாகச் சொல்வார். சமையலறை வானொலியில் ஜாக் டூசே. 1972இலிருந்து 2004 வரை பிரெஞ்சில் எக்ஸ்போஸின் குரல் அவர்தான். அவர் பேசுவது முதலில் ஒரு இழவும் விளங்கவில்லை. பிறகு எண்கள் விளங்கின, பிறகு பெயர்கள், அப்புறம் வசனங்கள். அரசாங்கம் நடத்திய பிரெஞ்சு வகுப்பில் படித்ததைவிட அந்த வானொலியில் படித்தது கூட. நேர்முகத் தேர்வொன்றில் என் பிரெஞ்சைக் கேட்ட அதிகாரி நீங்கள் பேஸ்போல் வர்ணனை கேட்பீர்களா என்று சிரித்தார். வேலை கிடைத்தது.

டெனிஸ் மார்ட்டினெஸின் அந்த ஆட்டத்தையும் அந்தச் சமையலறையில்தான் கேட்டோம். இரண்டு நாளைக்கு முன்தான் அதே மைதானத்தில் மார்க் கார்ட்னர் ஒன்பது இனிங்ஸ் ஹிட் கொடுக்காமல் எறிந்து, பத்தாவதில் தோற்றுப்போனார். அதனால் யாருக்கும் வாயைத் திறக்கப் பயம். கடைசி ஆள் அவுட் ஆனதும் சமையற்காரர் அகப்பையை எறிந்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தார். நிகராகுவாவில் பிறந்த ஒருவர், டொமினிக்கன் நாட்டு ஆட்டக்காரர்கள், பிரெஞ்சு வர்ணனையாளர், கோப்பை கழுவும் யாழ்ப்பாணத்தான். அந்த அணியைச் சுற்றி இருந்தவர்கள் இப்படிப்பட்டவர்கள். இதை எல்லாம் வொஷிங்டன் என்று எழுதினால் என்னால் எப்படி ஏற்றுக்கொள்ள முடியும்?

எங்கள் அணி எப்படிப் போனது என்பதும் உங்கள் சுவரில் இல்லை. ‘2005இல் வொஷிங்டனுக்கு இடம் மாறியது’ என்ற ஒரு வரியோடு சரி. 1995 ஏப்ரலில் ஒரு வாரத்துக்குள்ளேயே ஹில், வெற்லண்ட், கிரிசம் மூவரையும் விற்றுத் தள்ளினார்கள், வோக்கரைப் போக விட்டார்கள். 1997இல் சிறந்த பந்தெறிபவருக்கான சை யங் விருது வாங்கிய பெட்ரோ அந்தக் குளிர்காலமே பொஸ்ரனுக்கு. 2000ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் வானொலியும் இல்லை, தொலைக்காட்சியும் இல்லை. 2001 நவம்பரில் இரண்டு அணிகளைக் கலைத்துவிட உரிமையாளர்கள் வாக்களித்தார்கள், ஒன்று நாங்கள் என்பது ஊருக்கே தெரிந்திருந்தது. 2002இல் லீக்கே அணியை வாங்கியது. அதாவது எங்களோடு போட்டி போட்ட 29 அணிகளின் கையில் எங்கள் கல்லாப்பெட்டி. 2003லும் 2004லும் ஆண்டுக்கு 22 உள்ளூர் ஆட்டங்களைக் கொண்டுபோய் புவெர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் நடத்தினார்கள். 2003 ஓகஸ்ட் கடைசியில் பிளே-ஓஃப் வாய்ப்பு இன்னும் கையில் இருந்தது. செப்டெம்பரில் கீழ் அணிகளிலிருந்து ஆட்களைக் கூப்பிடுவதுதான் வழக்கம். அதற்குக் காசு தரமாட்டோம் என்றது லீக். இவ்வளவும் செய்துவிட்டு, ரசிகர் வரவில்லை என்றார்கள்.

2004 செப்டெம்பர் 29ஆம் திகதி கடைசி உள்ளூர் ஆட்டத்துக்கு 31,395 பேர் போனோம். வொஷிங்டன் அறிவிப்பும் அன்றைக்கே வந்தது. புளோரிடாவிடம் 9-1 என்று தோற்றோம். ஆட்டம் முடிந்து எங்கள் பழைய ஆட்டக்காரர் கிளோட் ரேமண்ட் ஒலிவாங்கியைப் பிடித்து பிரெஞ்சில் பேசினார். யாரும் எழும்பிப் போகவில்லை. அந்த ரிக்கெட் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதைத் தருகிறேன், வைப்பீர்களா என்று உங்கள் ஊழியரிடம் கேட்டேன். சேகரிப்புக் கொள்கையில் அதற்கு இடமில்லை என்று பதில். சரி, ரிக்கெட்டை விடுங்கள்.

பதிவேடுகளைப் பொறுத்தவரை எக்ஸ்போஸும் நேஷனல்ஸும் ஒரே உரிமம்தான் என்பீர்கள். லீக்கின் கணக்குப் புத்தகத்தில் அப்படித்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் கணக்குப் புத்தகத்தை வைத்தா அருங்காட்சியகம் நடத்துவது? வொஷிங்டனே அந்த உரிமையை முழுதாக எடுத்துக்கொள்ளவில்லை. எக்ஸ்போஸ் தன் பெரிய ஆட்டக்காரர்களைக் கௌரவித்து, இனி யாரும் அணியக்கூடாது என்று ஒதுக்கிய கார்ட்டரின் 8, ஆந்த்ரே டோசனுக்கும் ரஸ்டி ஸ்டோபுக்கும் சேர்த்துக் கொடுத்த 10, ரெயின்ஸின் 30, மூன்று இலக்கங்களையும் அங்கே மறுபடி வேறு ஆட்டக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த இலக்கங்களைக் காப்பாற்றியது யார் தெரியுமா? ஒரு ஹொக்கி அணி. மொன்றியல் கனேடியன்ஸ் 2005 ஒக்ரோபரில் தங்கள் பெல் சென்ரரின் கூரையில் எக்ஸ்போஸின் பதாகையை ஏற்றியது, இலக்கங்களோடு. யூப்பியையும் அவர்களே எடுத்து வளர்க்கிறார்கள். அமெரிக்காவின் கூப்பர்ஸ்டவுனில் இருக்கும் பேஸ்போல் புகழவையில் (Hall of Fame) கார்ட்டர் 2003இலும், டோசன் 2010இலும், ரெயின்ஸ் 2017இலும் எக்ஸ்போஸ் தொப்பியோடு செதுக்கப்பட்டார்கள். டோசன் பிறகு ஆடிய சிக்காகோ கப்ஸ் அணியின் தொப்பியைத்தான் விரும்பினார், அது எங்களுக்கும் தெரியும், கொஞ்சம் கவலைதான். ஆனால் அவர் மொன்றியலில் ஆடியதை மொன்றியல் என்றே அங்கே எழுதியிருக்கிறார்கள்.

கனடாவின் கதை வேண்டுமென்றால் ஒன்ராறியோவின் சென் மேரிஸில் கனேடிய பேஸ்போல் புகழவை இருக்கிறதே என்றும் உங்கள் பதிலில் ஒரு குறிப்பு. அங்கே போக எங்களுக்கு வழி தெரியும். உங்கள் வாசலில் ‘மேஜர் லீக்கின் முழுக் கதை’ என்று எழுதி நுழைவுக் கட்டணம் வாங்கினீர்கள். கட்டணத்தில் எல்லைக் கழிவு எதுவும் தரவில்லை.

கடைசியாக உங்கள் விற்பனைக் கூடம். வெளியே போகும் வழியில் அதைத் தாண்டாமல் போக முடியாது. அங்கே ஒரு சுவர் நிறைய எக்ஸ்போஸ் தொப்பிகள்! மூவர்ணத்தில், கறுப்பில், இளநீலத்தில், பிள்ளைகளின் அளவில். இதுதான் நன்றாகப் போகிறது, பழைய அணிகளில் இதைத்தான் இளம் ஆட்கள் கேட்கிறார்கள் என்று கல்லாவில் இருந்தவர் சந்தோஷமாகச் சொன்னார். அந்தச் சுவரில் ‘மொன்றியல் எக்ஸ்போஸ்’ என்று பெயர் தெளிவாகப் போட்டிருக்கிறீர்கள். காசு வாங்கும் இடத்தில் ‘நேஷனல்ஸின் ஆரம்ப ஆண்டுகள்’ என்று எழுதினால் ஒன்றும் விற்காது என்பது தெரிந்திருக்கிறது. பேரனுக்கு ஒன்று வாங்கினேன். வேறென்ன செய்வது, பிள்ளை கேட்டான்.

இது எங்களோடு முடியப்போவதில்லை. ஓக்லண்ட் எத்லெற்றிக்ஸ் 2024 செப்டெம்பரில் தன் ஊரில் கடைசி ஆட்டத்தை ஆடிவிட்டது. இப்போது சக்ரமென்ரோவுக்குப் பக்கத்தில் தற்காலிகமாக ஆடுகிறது, லாஸ் வேகஸுக்குப் போவதாக இருக்கிறது. உங்கள் விதிப்படி பார்த்தால், எழுபதுகளில் அடுத்தடுத்து மூன்று வேர்ல்ட் சீரீஸ் வென்ற ஓக்லண்ட் அணி நாளைக்கு லாஸ் வேகஸ் ஆகிவிடும். அந்த ஊர்க்காரர் ஒருவர் தன் பேரனோடு உங்களிடம் வரும்போது என்ன பதில் சொல்லப்போகிறீர்கள்?

நான் கேட்பவற்றைத் தெளிவாகச் சொல்கிறேன்.

பெர்ஃபெக்ட் கேம் பட்டியலிலும் மற்றப் பட்டியல்களிலும் 1969இலிருந்து 2004 வரை எக்ஸ்போஸ் ஆட்டக்காரர்களின் பெயருக்கு நேரே மொன்றியல் என்று போடுங்கள். இதற்குச் சபை கூடவே தேவையில்லை, எழுத்து வெட்டுபவர் ஒருவர் போதும்.

எக்ஸ்போஸுக்குத் தனி இடம் வேண்டும், தன் பெயரோடு. புரூக்ளினுக்குக் கொடுத்த அளவு கேட்கவில்லை. ஒரு பெட்டி, ஆனால் கண்மட்டத்தில். அதில் ஜாரி பார்க், ஸ்டோன்மன், 1982 ஓல்-ஸ்டார் ஆட்டம், அணி போன கதை, இவ்வளவும் இருக்க வேண்டும். விளக்கம் பிரெஞ்சிலும் இருக்கட்டும், அந்த அணியின் பாதி வாழ்க்கை பிரெஞ்சில் நடந்தது. புரூக்ளின் மூலையில் படம் ஓடுவதுபோல இங்கே ஜாக் டூசேயின் குரலும் ஆங்கில வர்ணனையாளர் டேவ் வான் ஹோர்னின் குரலும் கேட்க ஒரு வசதி செய்யுங்கள். வான் ஹோர்னுக்கு 2011இல் கூப்பர்ஸ்டவுனில் வர்ணனையாளர்களுக்கான ஃபோர்ட் ஃபிரிக் விருதே கொடுத்திருக்கிறார்கள், தகுதி உண்டா என்று யோசிக்க வேண்டியதில்லை.

வேலைநிறுத்தப் பலகையில் 74-40 என்ற கணக்கு வர வேண்டும். அற்லான்டா பகுதியில் 1994இல் முதலிடத்தில் இருந்தது யார் என்ற குறிப்பு வர வேண்டும். ரொபின்சனின் படத்துக்குக் கீழே 1946 வர வேண்டும்.

உங்கள் களஞ்சியத்தில் எக்ஸ்போஸ் பொருட்கள் இன்னும் இருக்கின்றன, சுழற்சி முறையில் காட்டுவோம் என்று பதிலில் இருந்தது. என்னென்ன இருக்கின்றன என்ற பட்டியலை வெளியிடுங்கள். அவற்றில் எதுவும் உங்களுக்குத் தேவையில்லை என்றால் சென் மேரிஸுக்கோ மொன்றியலில் ஒரு நிறுவனத்துக்கோ இரவலாகக் கொடுங்கள்.

இடம் மாறிய எல்லா அணிகளுக்கும் ஒரே விதியை எழுத்தில் வையுங்கள். பொஸ்ரனிலும் பிறகு மில்வோக்கியிலும் ஆடிய பிரேவ்ஸ், சென் லூயிஸ் பிரவுன்ஸ், பிலடெல்பியாவின் எத்லெற்றிக்ஸ், ஓக்லண்ட், எல்லாவற்றுக்கும் சேர்த்து. ஆடிய நகரத்தின் பெயரிலேயே ஆட்டம் பதியப்படும் என்பதே அந்த விதியாக இருக்க வேண்டும் என்று கேட்கிறேன்.

பதில் சபையின் பெயரில் எழுத்தில் வரட்டும். எதைச் செய்வீர்கள், எப்போது செய்வீர்கள், எதைச் செய்யமாட்டீர்கள் என்று பிரித்துச் சொல்லுங்கள். செய்யமாட்டோம் என்பதற்குக் காரணமும் வேண்டும். இடமில்லை என்றால் எந்த அறைக்கு எத்தனை அடி என்ற கணக்கோடு. அடுத்த பருவம் தொடங்குவதற்கு முன் பதிலை எதிர்பார்க்கிறேன். வருகிற பதிலை இதே இடத்தில், ஒரு சொல்லும் மாற்றாமல், வெளியிடுவேன்.

இப்படிக்கு,
மொன்றியலிலிருந்து ஓர் எக்ஸ்போஸ் ரசிகன்